சுங்காய் ஃபோர்மேன் அண்ணன் கடை: பாயிண்ட் வைத்த பழைய ஹோண்டாவை நம்பிக் கொடுக்கலாமா?

பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் எஃப் குறி கோட்டுக்கு நேராக நிற்கிறது. பொறி விழும் நொடியில் மின்னும் டைமிங் லைட்டை அடித்தாலும் அங்கேயேதான் நிற்கிறது. பிளக் புதுசு, கார்ப்ரேட்டர் கழுவியாயிற்று. ஆனாலும் மோட்டார் மேட்டில் ஏறமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. பாயிண்ட், அதாவது பொறியை விழவைக்கும் சின்ன ஸ்விட்ச், வைத்த இப்படி ஒரு ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை முழுசாகப் படியுங்கள். இஎக்ஸ்5-ஓ அதற்குப் பிறகு வந்த வண்டியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடை ஆகாது. போனால் அவரே எதிர்வரிசைச் சீனர் கடையைக் கை காட்டிவிடுவார்.

கடை இருப்பது பேராக் மாநிலத்துச் சுங்காயில். பீடோரிலிருந்து சிலிம் ரிவருக்கு ஹைவே ஏறாமல் பழைய சடக்கில் போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர்தான். பெயர்ப் பலகை கிடையாது. என்றோ ஒரு டயர் கம்பெனி கொடுத்த தகரம் வாசலில் தொங்குகிறது. அதிலிருந்த எழுத்தெல்லாம் வெயில் தின்றுவிட்டது. மெக்கானிக்கைத்தான் இங்கே ஃபோர்மேன் என்போம். ஃபோர்மேன் அண்ணன் கடை எது என்று கேளுங்கள், கோயிலுக்குப் பூ கட்டுகிற அம்மாகூட வழி சொல்வார்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் என் மதிப்பெண்ணுக்கு அளவு தெரியும். தமிழ்ப்பள்ளி ஒன்றில் கேண்டீன் எடுத்து நடத்துகிறேன். காலை ஐந்துக்கெல்லாம் அடுப்பு எரிய வேண்டும். முன்கூடையில் தேங்காயும் கீரையும், பின்சீட்டில் அரிசி மூட்டை, அதுதான் என் சி70-க்குத் தினசரி வேலை. அப்பா தோட்டத்தில் தண்டலாக இருந்தபோது வாங்கிய வண்டி. 6 வோல்ட், 72 சிசி, மூன்று கியர். ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பிரித்தால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது நான்தான், ஆண்பிள்ளைகள் இரண்டும் பந்து விளையாட ஓடிவிடும். பாலீஷ் போட்டுக் கண்காட்சிக்குக் கொண்டு போகிற மோட்டார் இல்லை இது. ஓடவில்லை என்றால் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குப் பசியாறல் தாமதம், அவ்வளவுதான் விஷயம்.

கோளாறு இப்படி. குளிரில் இரண்டு உதையில் பற்றிக்கொள்ளும். சமதரையில் குறை சொல்ல முடியாது. செம்பனை மில்லுக்குப் போகும் மேட்டில் மட்டும் இரண்டாம் கியருக்கு இறக்கினாலும் இழுவை இருக்காது. புகைக்குழாயின் கழுத்து நீலம் பாய்ந்து கிடந்தது. பெட்ரோலும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தது. பக்கத்து ஊரில் ஒரு கடையில் காட்டினேன்; பெயர் வேண்டாம். பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கார்ப்ரேட்டரைக் கழற்றி ஊதினார்கள். கடைசியில் டைமிங் லைட்டை மாட்டி எனக்கே காட்டினார்கள். எஃப் குறி ஆணி அடித்த மாதிரி நின்றது. "டைமிங்ல ஒண்ணும் இல்லக்கா. என்ஜின் கிழடாயிருச்சு. ரிங், பிஸ்டன் எல்லாம் போடணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்குக் கேண்டீனுக்கு ஒரு பெரிய ஃப்ரிட்ஜே வாங்கிவிடலாம்.

இதே கதையை ஃபோர்மேன் அண்ணனிடம் சொன்னபோது அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீலப் புகை விடுதாம்மா?" இல்லை என்றேன். "ரிங் போன என்ஜின் எண்ணெயை எரிச்சுப் புகையா விடும். உன் வண்டிக்கு நீலம் குழாய்லதானே இருக்கு, புகையில இல்லையே" என்றார். அடுத்து, உதைக்கும்போது பெடல் திருப்பிக் காலை அடிக்கிறதா என்று கேட்டார். இல்லண்ணே, ரொம்பச் சாதுவாகப் போகிறது என்றேன். "அப்போ பொறி முந்தல. பிந்துது" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டைக் கையை மடித்தார்.

அவர் செய்த வேலைக்கு எதற்குக் காசு என்பது விளங்க, சி70-க்குள் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இடது பக்க மூடியைக் கழற்றினால் ஃப்ளைவீல், என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரம். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு. அதில் காயில்களும் கண்டென்ஸரும் பாயிண்ட்டும். ஃப்ளைவீலின் நடுக்குழலிலேயே கேம் என்கிற மேடு இருக்கிறது. அந்தக் கேம் பாயிண்ட்டின் காலைத் தூக்கி, ஒட்டியிருந்த இரண்டு முகமும் பிரியும் நொடியில் பிளக்கில் பொறி விழுகிறது. பேட்டரிக்கு இதில் பங்கே இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் இந்த வண்டி உதைத்தால் பற்றும். பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்கில் ஃப்ளைவீல் நேராக மாட்டியிருப்பதால் சுற்றுக்கு ஒரு பொறி. நாலு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு அதில் ஒன்று வேலைக்கு, அடுத்தது வீண். வீணாவதால் ஒரு கெடுதலும் இல்லை.

ஃப்ளைவீல் விளிம்பில் இரண்டு கோடுகள் வெட்டியிருக்கும். டி என்பது பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை. எஃப் என்பது பொறி விழ வேண்டிய நிலை. வண்டியின் இடப்பக்கம் நின்று பார்த்தால் ஃப்ளைவீல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். எஃப் முதலில் வரும், டி பின்னால் வரும். என்ஜின் கேஸில் இருக்கும் கோட்டுக்கு எஃப் நேராக வரும்போது பாயிண்ட் வாய் திறக்க வேண்டும். தட்டைத் திருப்பிச் சரிபண்ண இதில் வழி வைக்கவில்லை. பாயிண்ட் இடைவெளிதான் டைமிங். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறி முந்தும், குறைத்தால் பிந்தும். ஹோண்டா கொடுத்த அளவு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. எஃப் கோட்டில் திறக்க வைப்பதற்காக இந்த எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தால் பாயிண்ட்டின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

பாயிண்ட்டின் கால் ஃபைபர். கேமில் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி பிந்தும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வண்டிக்கு வயசாயிற்று என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். பாயிண்ட் வைத்த மோட்டார்களில் பாதி "கிழட்டு" மோட்டார்கள் உண்மையில் டைமிங் பிந்தியவைதான் என்பது அண்ணனின் கட்சி. பாதி என்பது கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைக்கிறேன், ஆனால் ஆள் சொல்வதில் சத்து இருக்கிறது.

அவர் முதலில் பார்த்தது அதைத்தான். ஃப்ளைவீலில் இருக்கும் ஜன்னல் வழியாக, இடைவெளி அளக்கும் 0.35 மி.மீ. இலைத் தகட்டை விட்டார்; லேசான பிடிப்போடு போய் வந்தது. அப்புறம் கறுப்பு வயரைப் பிரித்து, சிகரெட் சுருட்டும் தாளில் ஒரு துண்டு கிழித்துப் பாயிண்ட் நடுவில் சொருகி, ஒரு கையால் தாளை இலேசாக இழுத்துக்கொண்டே மறு கையால் ஃப்ளைவீலை மெதுவாக முன்னோக்கி நகர்த்தினார். எஃப் கோட்டுக்கு நேராக வந்ததும் தாள் கைக்கு வந்துவிட்டது. டெஸ்ட் பல்பு போடவில்லையா என்றேன். இந்த வகை மேக்னெட்டோவில் காயில் பாயிண்ட்டோடு சேர்ந்தே இருப்பதால் பாயிண்ட் திறந்தாலும் பல்பு அணையாது, மங்கத்தான் செய்யும். மங்கியதா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போடுவதற்குப் பதிலாகத் தாளே மேல் என்றார். என் அப்பாவும் தாள்தான் வைப்பார், காரணம் சொன்னதில்லை.

ஆக, குறியைப் பற்றிப் பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் சொன்னது சரி. அதை அண்ணனும் ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அடுத்து அவர் சொன்ன வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"குறி சரியா இருக்கு தங்கச்சி. குறி வெட்டியிருக்கிற சக்கரம் சரியா உட்கார்ந்திருக்கா?"

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். கேமும் ஃப்ளைவீலில், எஃப் குறியும் ஃப்ளைவீலில். ஃப்ளைவீல் கிராங்கின் மேல் ஒரு பக்கம் நழுவிவிட்டால் இரண்டும் சேர்ந்தே நழுவும். பாயிண்ட் எஃப் கோட்டில்தான் திறக்கும். லைட் அடித்தால் எஃப் கோடு அசையாமல்தான் நிற்கும். ஆனால் உள்ளே பிஸ்டன் இருக்கும் இடம் வேறு. எத்தனை லைட் அடித்தாலும் இது தெரியாது, ஏனென்றால் லைட் பிஸ்டனைப் பார்ப்பதில்லை. சக்கரத்தைத்தான் பார்க்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அவர் எடுத்த கருவிக்கு மதிப்பு ஒரு வெள்ளிகூட வராது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டுக்குள் மெல்லிய போல்ட் ஒன்றை வெல்டிங் வைத்திருக்கிறார். போல்ட்டின் மூக்கை வழவழப்பாக உருட்டியிருக்கிறார், பிஸ்டன் தலையில் கீறல் விழாமல் இருக்க. பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரெஷன் பக்கமாகக் கொண்டு வந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே இறக்கி, இதை பிளக் ஓட்டையில் திருகினார். இப்போது பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாது, போல்ட்டில் இடித்து நின்றுவிடும்.

கையால் மட்டும், மெதுவாக, ஃப்ளைவீலை முன்னோக்கிச் சுற்றினார். நின்றது. கேஸ் கோட்டுக்கு நேராகச் சக்கரத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுத்தை அழிக்க வைத்திருப்பார்களே, அந்த வெள்ளை மைதான். பிறகு பின்னோக்கிச் சுற்றினார். இடித்து நின்ற இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நட்ட நடுவே எதுவோ, அதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. காகித நாடா ஒன்றை இரண்டு புள்ளிக்கும் நடுவே விளிம்போடு ஒட்டி அளந்து, கிழித்து, பாதியாக மடித்து, மறுபடி ஒட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் டி கோடு இருந்திருக்க வேண்டும்.

இல்லை. டி-யை விட்டு ஆறேழு மில்லிமீட்டர் தள்ளி, எஃப் பக்கமாக விழுந்திருந்தது.

பிஸ்டன் உச்சியைத் தொடும்போது டி கோடு இன்னும் வந்து சேரவே இல்லை என்று அதற்குப் பொருள். சக்கரம் கிராங்குக்குப் பின்னால் நழுவியிருக்கிறது. பொறி அத்தனை தூரம் தாமதமாக விழுகிறது. எரிய வேண்டிய பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் புகைக்குழாய்க்குள் போய் எரிகிறது, கழுத்து நீலம் பாய்கிறது, மேட்டில் இழுவை போகிறது. காலையில் சாதுவாகப் பற்றிக்கொண்டதற்கும் இதுதான் காரணம். பிந்திய பொறி காலைத் திருப்பி அடிக்காது.

பிறகு புல்லர் போட்டு ஃப்ளைவீலைக் கழற்றினார். சுத்தியல் எடுக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றும் கடைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படித் தட்டினால் கிராங்க் முனையின் மரையும் போகலாம், உள்ளே காந்தமும் உடையலாம். வெளியே வந்தது அரைநிலா வடிவக் கீ, சக்கரத்துக்கும் கிராங்குக்கும் நடுவே சொருகியிருக்கும் சின்ன இரும்புத் துண்டு. அதை என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் ஒரு படி விழுந்திருந்தது. முழுசாக அறுபடவில்லை, பாதி நசுங்கி நகர்ந்திருந்தது. கிராங்கின் மெல்லிய முனையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத நகர்வு, ஃப்ளைவீலின் விளிம்புக்கு வரும்போது ஆறேழு மில்லிமீட்டராக வளர்ந்துவிடுகிறது.

"கீதான் சக்கரத்தைப் பிடிச்சிருக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கீ இடம் காட்டுறதுக்கு மட்டும். பிடிக்கிறது கூம்பு" என்றார். கிராங்க் முனை கூம்பாகக் கடைந்திருக்கும், ஃப்ளைவீலின் ஓட்டையும் அதே கூம்பு. நட்டை இறுக்கினால் இரண்டும் கவ்விக்கொள்ளும். நட்டு சரியாக இறுகாமலோ, கூம்பில் எண்ணெயோ தூசியோ இருந்தாலோ கவ்வாது. பாரம் முழுக்க அந்தச் சின்னக் கீ மேல் விழும், அது எத்தனை நாள் தாங்கும்? யார் எப்போது நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கூம்பில் கீறல் இருந்தது. கீ இல்லாமல் ஃப்ளைவீலைப் போட்டு, வால்வு தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவி, இப்படியும் அப்படியும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தேய்த்தார். கழற்றிப் பார்ப்பார், சாம்பல் நிறம் சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறதா என்று. விழவில்லை என்றால் மறுபடி. நான் இரண்டு தே குடித்து முடித்தேன். அப்புறம் பெட்ரோலில் கழுவி, துணியால் துடைத்துக் காய வைத்து, புதுக் கீ போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்கினார். மறுபடி பிளக் போல்ட், மறுபடி வெள்ளைப் புள்ளி, மறுபடி காகித நாடா. இந்த முறை மடிப்பு டி கோட்டின் மேலேயே உட்கார்ந்தது.

பாயிண்ட் வேலை அதற்குப் பிறகு பத்து நிமிஷம்தான். முகத்தை மெல்லிய சாணைக்கல்லால் இரண்டு இழுப்பு, பிறகு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து நடுவில் விட்டுத் துடைப்பு. இது முக்கியமாம், கல்லின் தூளோ விரல் எண்ணெயோ ஒட்டியிருந்தால் புது பாயிண்ட்டும் கருகும். கேமில் உரசும் கம்பளித் துண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஒரே சொட்டு. இடைவெளி 0.35. தாள் வைத்துச் சோதனை. கடைசியில் என் திருப்திக்காக டைமிங் லைட்டும் அடித்தார். பக்கத்து ஊரில் பார்த்த அதே படம்! எஃப் குறி அதே இடத்தில், அதே மாதிரி அசையாமல். ஆனால் மில் மேட்டில் அரிசி மூட்டையோடு இரண்டாம் கியரில் முணுமுணுக்காமல் ஏறுகிறது. புகைக்குழாய்ப் பக்கம் கால் பட்டால் முன்போல் வெந்துவிடுவதில்லை.

கூலி 45 வெள்ளி. கீ 4 வெள்ளி. அவ்வளவுதான். புது பாயிண்ட் போடுங்கள் அண்ணே என்று நானே கேட்டேன், மறுத்துவிட்டார். மாட்டியிருந்தது ஜப்பான் பாயிண்ட், ஃபைபர் காலில் இன்னும் சதை இருக்கிறது, இதைக் கழற்றிவிட்டு இப்போது வருகிற மலிவு பாயிண்ட் போட்டால் மூன்று மாசத்தில் திரும்பி வருவாய் என்றார். விற்க மறுக்கும் கடைக்காரரை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறோம்.

உதிரி பாகம் பற்றி அவர் சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன். சி70-க்குப் பாகம் கிடைக்காது என்ற பயம் யாருக்கும் வேண்டாம். பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ ஹோண்டாவை மலேசியாவில் இறக்கிய காலத்திலிருந்து கித்தாத் தோட்டம், செம்பனைத் தோட்டம் என்று இந்த வண்டி போகாத லயம் இல்லை. உலகம் முழுக்க, சி70 சேர்ந்த ஹோண்டா சூப்பர் கப் வகை வண்டிகள் 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. பாகம் குவிந்து கிடக்கிறது. அதில் நல்லது எது என்பதுதான் தலைவலி. அண்ணன் ஒரு மைலோ டின் நிறையப் பாயிண்ட் வைத்திருக்கிறார், நல்லதும் கெட்டதும். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நல்லதில் இரண்டு முகமும் முழு வட்டமாக ஒட்டுகிறது. மலிவில் ஒரு ஓரம்தான் தொடுகிறது, மறு ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறது. அப்படித் தொட்டால் அந்த ஓரம் கருகிக் குழி விழும். வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இனி குறைகள். இருக்கின்றன, நிறைய.

எப்போது திறப்பார் என்பது சாமிக்கே வெளிச்சம். காலை ஒன்பது என்பார், பதினொன்றுக்கும் கதவில் பூட்டு தொங்கும். ஃபோன் எடுக்கமாட்டார். ரசீது கிடையாது. விலைப் பட்டியல் கிடையாது. வேலை தொடங்கும் முன் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "பார்ப்போம்மா" என்று மட்டும் பதில் வரும். எனக்கு நியாயமான தொகைதான் வந்தது, ஆனால் சம்பள நாளுக்கு முந்தின வாரத்தில் வருகிறவருக்கு அந்த "பார்ப்போம்" வயிற்றைக் கலக்கும். உட்கார இருப்பது ஒரு பீர் கிரேட். பெண்கள் தனியாக வந்து காத்திருக்க வசதியான இடம் இல்லை. நான் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டேன். எடுபிடி வேலைக்கு ஒரு தம்பி இருக்கிறான், கெட்டிக்காரன், ஆனால் டைமிங் வேலையை அண்ணன் அவன் கையில் கொடுப்பதில்லை. இவருக்குப் பிறகு யார் என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. பாயிண்ட்டே இல்லாமல் மின்னணுவில் பொறி தரும் 12 வோல்ட் சிடிஐ மாற்றித் தருவீர்களா என்று யாராவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் இருக்கும்போதே மில்லில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பையன் ஒருவன் அதைக் கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டு போனான். அவன் கேட்டதில் என்ன தப்பு? 6 வோல்ட் விளக்கு வெளிச்சத்தில் தோட்டத்து மண் சடக்கில் இரவு பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால்தான் புரியும், முன்னால் நிற்பது மாடா மனுஷனா என்றே தெரியாது. சிடிஐ-யில் தேய்கிற பாகம் இல்லை, மாசா மாசம் தாள் வைக்க வேண்டாம். தினமும் வேலைக்கு ஓடுகிறவன் அதைக் கேட்பது நியாயம்தான். சிடிஐ செத்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது, பாயிண்ட் என்றால் ஒரு துண்டு அட்டையும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் வீடு வந்து சேரலாம் என்பது அண்ணனின் வாதம். என் விஷயத்தில் அது உண்மை. ஸ்பேனர் பிடித்து வளர்ந்தவள் நான். அந்தப் பையனுக்கு அது உண்மையா என்று அவர் யோசிக்கவில்லை. ஒரு நட்சத்திரத்தை இதற்காகவே குறைக்கிறேன்.

மற்ற பழைய வண்டிக்காரர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சுசுகி ஏ100, பிஎஸ்ஏ பாண்டம் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளும் பார்க்கிறார். அவற்றுக்கு பிளக் ஓட்டையில் டயல் கேஜ் மாட்டி, பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டுமோ அதை நேராகவே அளந்து வைக்கிறார். பீடோரிலிருந்து ஒருவர் பாண்டம் கொண்டு வந்திருந்தார். டயல் கேஜ் முள் அசைவதை நாங்கள் இருவரும் மூச்சுப் பிடித்துப் பார்த்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை, என் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

போகிறவர்களுக்கு: மோட்டாரை முந்தின நாள் சாயந்திரமே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். டைமிங் வைக்கும்போது டேப்பட்டும், அதாவது வால்வு இடைவெளியும், சேர்த்துப் பார்ப்பார், அந்த 0.05 மி.மீ. இடைவெளியை என்ஜின் முழுசாக ஆறிய பிறகுதான் அளக்க முடியும். காலையில் ஓட்டிக்கொண்டு போனால் மத்தியானம் வரை சும்மா நிறுத்தி வைப்பார். விடும்போது வண்டிக்கு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஆளுக்குக் கோபம் வந்துவிடும். ஞாயிறு மூடல். தைப்பூச வாரம் முழுக்கவும் மூடல்.